காவல் பெட்டி

கம்ப்யூட்டர் படிக்கிறவன் என்றால் மதிப்பு கூடும் என்று நினைத்திருந்தேன். கூடவே சந்தேகமும் கூடும் என்பது போன மழைக்காலத்தில்தான் தெரிந்தது.

அப்பா கொத்தனார். அம்மா திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா வேலை செய்யும் வீடு 'ஸ்மார்ட்' வீடு. வாயால் சொன்னால் விளக்கு எரியும், ஏ.சி. ஓடும். அம்மா மட்டும் சுவிட்சைத் தேடித்தான் போடுவார்.

ஒரு மத்தியானம் அம்மா தனியாக இருந்தபோது சமையலறைக் கேமரா தானாகத் திரும்பியது. புரியாத மொழியில் ஓர் ஆண்குரல்! அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கார ஐயா கேட்ட முதல் கேள்வி: "உன் பையன் கம்ப்யூட்டர்தானே படிக்கிறான்?"

ஒருமுறை அம்மாவைக் கூட்டிவரப் போனபோது, கேட்டு வாங்கி அந்த வீட்டு வைஃபையைப் பயன்படுத்தியது உண்மை. அவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "நீ ஒண்ணும் பண்ணலல்லடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்த ஒரு தடவை போதாதா?

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் சொன்னேன். அவர் 'மிராய்' கதையைச் சொன்னார். 2016-இல் பரவிய அந்த நிரல், கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடிபட்ட கருவிகளை வைத்து 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. மிராயை உருவாக்கியதாக 2017 டிசம்பரில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவருக்கும் வயது 20, 21தான். நம் வயதுதான் நண்பர்களே!

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். "ஐயா, நீங்க பக்கத்துலயே நில்லுங்க, நான் பாக்குறேன்" என்றேன். கேமராவின் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டு 1 முதல் 6 வரை. போதாததற்கு, அந்தக் கேமரா 'யூபிஎன்பி' வசதி வழியாக ரவுட்டரிடம் கேட்டு, வெளியுலகத்துக்குத் தானே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. வீட்டுக்குப் பூட்டு இருந்தது, சாவியும் அதிலேயே தொங்கியது!

ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல பாதுகாப்புப் பெட்டியா ஒண்ணு சொல்லு தம்பி, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல" என்றார். மன்னிப்பு வரவில்லை, 'தம்பி' வந்தது.

"பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல என்னென்ன இருக்குன்னு எண்ணுடா" என்று சார் சொல்லியிருந்தார். எண்ணினேன். செல்போன்கள் நீங்கலாக 15 கருவிகள்! எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றினேன், யூபிஎன்பியை நிறுத்தினேன், அப்டேட் போட்டேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம்தான் பெட்டி. மூன்று கேள்விகள் வைத்துக்கொண்டேன். கேமரா, பல்பு எல்லாவற்றையும் தனி அறைபோலப் பிரித்து வைக்குமா? வருடச் சந்தா கட்டாவிட்டால் பாதுகாப்பு நின்றுபோகுமா? சோதனையெல்லாம் ஓடும்போது வேகம் எவ்வளவு? அட்டையில் பெரிதாகப் போடும் வேகம் சோதனை ஓடாதபோது வருவதாக இருக்கும். வேறொன்றும் படித்துத் தெரிந்துகொண்டேன்: மறையாக்கம் செய்த தகவல் எங்கே போகிறது என்று பெட்டிக்குத் தெரியும், உள்ளே என்ன என்று சாதாரணமாகத் தெரியாது.

விலை உயர்ந்த பெட்டியை நான் சொல்லவில்லை. 'ஓபிஎன்சென்ஸ்' என்ற இலவச ஃபயர்வாலைப் போட்டு, இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை அமைத்தோம். சார் கூடவே வந்தார். கருவிகளைப் பிரித்து வைக்க அதற்கேற்ற வைஃபை கருவி ஒன்று மட்டும் புதிதாக வாங்கினோம்.

வேலை முடிந்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "இனிமே அந்தக் கேமரா என்னைப் பாக்காதா?"

"வெளியாள் பாக்க முடியாதும்மா. வீட்டுக்காரங்க பாக்கலாம்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் ஐயாவிடம் கேட்டேன்: "சமையல்கட்டுக்குக் கேமரா எதுக்குங்கய்யா?" அவர் யோசித்தார். அடுத்த வாரம் அது வாசல் கேட்டுக்குப் போனது. எந்தப் பெட்டியும் செய்யாத வேலை அது!

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பல வீடுகளுக்கு இந்த வேலைக்குப் போவோம். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த வீட்டில் வேலை செய்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். ஆளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டைச் சந்தேகிப்போம்!