தேய்வதற்கென்றே வைத்தவை

1971ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ், மகிழுந்து கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டார். வண்டியின் வண்ணப்பூச்சைக் கீறாமல் அவை அழுக்கை அகற்றின. மரங்களின் அடியில் மண்டும் புல்லை நீக்கவும் இவ்வழி உதவாதா என எண்ணினார் அவர். தகரக் குவளையொன்றைத் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றினார், புல் அறுந்தது. இன்று வீடுகளில் காணும் நரம்புப் புல்வெட்டியின் தொடக்கம் இதுவே.

நரம்புக்குக் கூர்மை இல்லை. சுழலும் விரைவே அதனை விறைக்கச்செய்து வெட்டவைக்கிறது. கல்லிலும் சுவரிலும் மோதித் தேய்வது அதன் இயல்பு. ஆனால், அடிக்கடி முறிந்தால் அது உலர்ந்துபோன நைலானாக இருக்கலாம். ஓரிரவு நீரில் ஊறவைத்தால் ஈரத்தை ஈர்த்து மீண்டும் நெகிழும். தடித்த நரம்பு நன்றாக வெட்டும் என்பது வீண் நம்பிக்கை. அளவுக்கு மீறிய தடிமன் மின்மோட்டாரைத் திணறச்செய்து சூடேற்றும். காற்றுத்துளைகளில் புல்துகள் அடைத்தாலும் அதே கேடுதான்.

ஒருநாள் இயந்திரம் அடியோடு நின்றுவிடும். உடனே அது பரணுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்ச் சேர்கிறது. அவற்றுள் எத்தனை உண்மையில் உயிரிழந்தவை? மின்கம்பியில் இயங்கும் புல்வெட்டிகள் பலவற்றின் மோட்டாருக்குள் இரு சிறு கரித்துண்டுகள் உள்ளன. 'கார்பன் பிரஷ்' என்பர். சுருள்வில் அழுத்த, சுழலும் செம்பு வளையத்தைத் தொட்டு மின்சாரத்தை உள்ளே செலுத்துபவை அவை. செம்பு தேய்ந்தால் மோட்டாரே பாழ். ஆகவே, கரி தேயுமாறு அமைத்தனர். கரி குறுகக் குறுகத் தீப்பொறி மிகும், ஓட்டம் தடுமாறும், பின் நிற்கும். மாற்றுத் துண்டுகளின் விலை புதிய இயந்திரத்தின் விலையில் மிகச் சிறு பகுதியே.

எதைத் தொடுமுன்னும் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. காப்புறை கிழிந்த கம்பியை நாடா சுற்றி ஒப்பேற்றுவது உயிரோடு விளையாடுவது. ஈரப்புல்லில் நிற்பவருக்கு அது எமன். அதனைத் தேர்ந்த மின்பணியாளர் முழுவதுமாக மாற்றட்டும்.

கரித்துண்டுகள் இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே முறை. புதியவை வளையத்தின் வளைவுக்கேற்பப் படியும்வரை சிறிது பொறி பறக்கும். சில நிமிடங்கள் சுமையின்றி ஓடவிட்டால் பொறி தணியும், ஓசையும் சீராகும்.