மாடியில் சுற்றும் ஜன்னல் சட்டம்



போன வாரம் பேத்தியின் பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில் எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். கேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் கம்பத்தின் மேல் படுத்த மாதிரி இருக்கும் அந்த நீள்சதுரச் சட்டத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் சந்தேகம். "அண்ணி, ஜன்னல் சட்டத்தை எதுக்கு மாடியில மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று என் நாத்தனார். "கேபிளை நிறுத்திட்டு மறுபடியும் தூர்தர்ஷனா டீச்சர்?" என்று ஒரு மாணவன். அத்திப்பள்ளிப் பக்கம் நாலு லாரி வைத்து ஓட்டும் இன்னொரு மாணவன் மட்டும் விஷயம் தெரிந்து கேட்டான். "நானும் வீட்டுல சி.பி. ரேடியோ வெச்சு, சுத்துற பீம் ஆன்டெனா போடலாம்னு இருக்கேன் டீச்சர். எது வாங்கலாம்?"

அவனுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. எல்லோருக்கும் சேர்த்தே போட்டுவிடுகிறேன். நான் செகண்டரி கிரேடு டீச்சர், இன்ஜினியர் இல்லை. கணக்கு போட்டுப் பார்த்ததையும் கையால் செய்ததையும்தான் சொல்கிறேன்.

முதலில் லாரிக்காரனுக்கு. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சி.பி. பட்டையில் பேச உரிமம் தேவையில்லை. ஆனால் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சு 5 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்த இடத்தைக் கவனி. அமெரிக்காவில் 1958-லேயே 27 மெகாஹெர்ட்ஸை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே செட்டிலிருந்து வெளியே வரும் பவருக்குத்தான் 4 வாட் என்று வரம்பு. ஆன்டெனா அதை எவ்வளவு குவித்தாலும் கேள்வியில்லை. அதனால்தான் நீ யூடியூபில் பார்க்கும் வீடுகளில் பெரிய பெரிய பீம் நிற்கிறது. இங்கே ஒரு பக்கமாக மூன்று மடங்கு குவிக்கிற பீமைப் போட்டால், 5 வாட் செட் அந்தத் திசையில் 15 வாட்டாகக் கணக்காகிவிடும். செட்டைக் குறைத்து வைக்க வேண்டும். பிறகு பேசுவதற்குப் பீம் எதற்கு?

இன்னொன்று. உன் லாரி இந்த நிமிடம் சூளகிரியில் நிற்கிறதா, ஆனேக்கல்லில் நிற்கிறதா, உனக்குத் தெரியாது. எதிராளி எந்தத் திசையில் இருக்கிறார் என்று தெரிந்தவனுக்குத்தான் பீம். லாரி ஆன்டெனா வேறு செங்குத்தாக நிற்கும். வீட்டில் படுக்கை வசமாகப் பீமை வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே போய் சிக்னல் வெகுவாகக் குறையும். உனக்கு வேண்டியது எல்லாப் பக்கமும் சமமாகப் பேசும், நேராக நிற்கும் ஒற்றைக் கம்பி. விலையும் குறைவு.

என் மாடியில் இருப்பது சி.பி. இல்லை, ஹாம் ரேடியோ. உரிமத் தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கிப் பேசுவது. பெங்களூரில் 1959-லிருந்து ஹாம் கிளப் இருக்கிறது. அங்கிருந்து சிலர் ஒரு முறை எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளை விட நான்தான் அதிக நேரம் அதன் முன்னால் நின்றேன். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் செத்துக் கிடந்த தீவிலிருந்து அவருடைய செட் வழியாகச் செய்திகள் வெளியே போயின. அதைப் படித்த நாளிலிருந்து, ஓய்வுபெற்றதும் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். மார்ஸ் கோடு கேட்காத தரத்தில் எழுதினேன். காதுக்கு வயதாகிவிட்டது.

பீம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களே, உங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் பீம் திருப்பியவர்கள்தான். பெங்களூர் தூர்தர்ஷன் 1981 நவம்பர் 1-ல் தொடங்கியது. நம் ஜூஜுவாடிக்கு மெட்ராஸ் எட்டாது, பெங்களூர் நாற்பதே கிலோமீட்டர். எல்லா வீட்டு மீன் முள்ளும் வடமேற்கே பார்த்து நிற்கும். காற்றில் திரும்பிவிட்டால் அண்ணன் மாடியில் பைப்பைத் திருப்புவான், தங்கை வாசலில் நின்று "வந்துச்சு, வந்துச்சு... போச்சு!" என்று கத்துவாள். தமிழ்நாட்டில் பிறந்து கன்னடச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தூத்துக்குடிப் பக்கம் இருந்த சித்தப்பா வீட்டில் அதே மீன் முள் கடலைப் பார்த்து நின்றது. 1982-ல் வந்த இலங்கை ரூபவாகினிக்காக. கிரிக்கெட் என்றால் அந்தத் தெருவே அங்கே கூடிவிடும்.

அந்த மீன் முள்ளுக்குப் பெயர் யாகி-உடா. ஜப்பானில் தொஹொகு பல்கலைக்கழகத்து யாகி, உடா என்ற இரண்டு பேர் 1926-ல் எழுதிய விஷயம். ஒரு குச்சிக்குத்தான் ஒயர் வரும். பின்னால் சற்று நீளமான குச்சி கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும், முன்னால் சற்றுக் குட்டையான குச்சி அதை முன்பக்கம் இழுக்கும். டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிக் கிண்ணம் செய்கிற வேலைதான். 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, ஒரு பிரிட்டிஷ் ராணுவ வீரரின் ரேடார் நோட்டில் 'யாகி' என்ற சொல் அடிக்கடி வந்ததாம். என்னவென்று புரியாமல் அவரையே கேட்டார்கள். உங்கள் ஊர் பேராசிரியர் பெயர்தானே என்றாராம். சொந்த ஊரில் கண்டுகொள்ளாத பொருளை எதிராளி பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

நான் பேசுவது 28 மெகாஹெர்ட்ஸ், பத்து மீட்டர் பட்டை, சி.பி.க்கு அடுத்த வீடு. சூரியப் புள்ளிகள் பதினோரு வருஷச் சுழற்சியில் உச்சத்தை ஒட்டி இருக்கும்போது இந்தப் பட்டையில் குறைந்த பவரிலேயே கடல் தாண்டிப் பேசலாம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் குச்சியின் நீளம் மீட்டரில் வரும். 28.4 என்று போட்டுப் பாருங்கள், ஐந்து மீட்டர். மூன்று குச்சி வைத்த பீம் என்றால் எங்கள் மொட்டை மாடியில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆனாலும் எனக்கு அதுதான் வேண்டும் என்றிருந்தேன். முன் வாசல் பக்கம் தரையிலிருந்து நாற்பது அடிக் கம்பம், அதன் மேல் மூன்று குச்சி. மனசுக்குள் வரைந்தே வைத்துவிட்டேன்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல அழுதவன். டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து அளந்தான். எதிர் வரிசையில் போகும் 11 கே.வி. லைனுக்கும் நான் கம்பம் நட நினைத்த இடத்துக்கும் ஏழு மீட்டர். கம்பம் பன்னிரண்டு மீட்டர்.

"டீச்சர், இது விழாதுன்னு சொல்லாதீங்க. விழுந்தா எங்க விழும்னு மட்டும் பாருங்க. ரோட்டுப் பக்கம் விழுந்தா லைன் மேலதான். அந்த நேரம் நீங்க மைக்கைப் பிடிச்சிட்டு இருந்தா?" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "கம்பத்தை ஏத்தும்போதுதான் நெறைய பேர் போறாங்க. நாலு பேர் பிடிச்சிருப்பாங்க, சாஞ்சிடும், நாலு பேரும் போயிடுவாங்க. நான் போய்ப் பார்த்திருக்கேன்" என்றான்.

நான் பேசவில்லை. என் வீட்டுக்காரர்தான், "அப்ப பின்பக்கம் வெச்சா?" என்றார். பின்பக்கம் அடுத்த வீட்டு மாடி இரண்டடியில் இருக்கிறது. அங்கே சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கோடையில் படுக்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் மாடிக்குள்ளேயே விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரே இடம், நடுவில் உள்ள மாடிப்படி ரூமின் சுவர். கம்பம் நாலு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இழுத்துக் கட்டுவதும் இரும்புக் கம்பியால் இல்லை, மின்சாரம் பாயாத கயிற்றால். மூன்று குச்சியும் நாற்பது அடியும் அன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு தேடியதுதான் நீங்கள் பார்த்த ஜன்னல் சட்டம். லெஸ் மாக்ஸன் என்ற ஆங்கிலேய ஹாமின் பெயரில் மாக்ஸன் என்பார்கள். இரண்டு குச்சிதான், ஆனால் முனைகளை ஒன்றையொன்று பார்த்து மடக்கிவிட்டது. அகலம் ஐந்து மீட்டருக்குப் பதில் 3.8, ஆழம் 1.4. முன்பக்கக் குவிப்பு மூன்று குச்சியை விடக் குறைவு. ஆனால் பின்பக்கம் வருவதை நன்றாக அடைத்துவிடும். இதுதான் எனக்குப் பெரிய லாபமாக முடிந்தது. நம் ஊரில் என்ன பிரச்சினை? சிப்காட். எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பட்டறை. வெல்டிங்கும், மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டிகளும் ஓடும்போது ரேடியோவில் தேனீக் கூடு மாதிரி இரைச்சல். பீமின் முதுகை அந்தப் பக்கம் திருப்பினால் இரைச்சல் அப்படியே அமுங்குகிறது, அதுவரை கேட்காத ஒரு மலேசியக் குரல் மேலே வருகிறது. தொழிற்பேட்டையில் குடியிருப்பவர்கள் பீமை அதன் முகத்துக்காக இல்லை, முதுகுக்காக வாங்கலாம்.

சரி, ரோட்டர். கையாலேயே திருப்பலாமே, கயிறு கட்டி இழுக்கலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். இருபத்திரண்டு படி. என் முழங்கால் இரண்டும் ரோட்டருக்கு ஓட்டுப் போட்டன.

ரோட்டர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தூக்கும்?" அது இரண்டாம் கேள்வி. எங்கள் சட்டம் மிகவும் லேசு, எந்த ரோட்டரும் தூக்கும். கேட்க வேண்டியது, சும்மா நிற்கும்போது காற்று திருப்பப் பார்த்தால் பிடித்து நிற்குமா என்பது. அதாவது பிரேக். ஏப்ரல், மே மாதம் மாலையில் நம் ஊரில் அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியும். மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பலகையைச் சுமார் ஐம்பது கிலோ கனத்தில் தள்ளும். வேகம் பாதியானால் அது கால்வாசி ஆகிவிடும். சுற்றும்போது உடைகிற ரோட்டர் குறைவு. நிற்கும்போது பல் உடைகிறதுதான் அதிகம். டி.வி. ஆன்டெனாவுக்கென்று வரும் லேசான ரோட்டர் பாதி விலைக்குக் கிடைத்தது, பிரேக் பலம் போதாது என்று விட்டேன்.

இன்னொரு பக்கம், ஒரு டிகிரி கூடத் தப்பாமல் காட்டும் டிஜிட்டல் ரோட்டர். அதுவும் வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன பீமின் வெளிச்சம் அறுபது டிகிரிக்கும் மேல் அகலம். ஐந்து டிகிரி தப்பினால் ஒன்றும் தெரியாது. கடைசியில், தனி வீட்டை விட்டு அபார்ட்மெண்டுக்குப் போன ஒரு பெங்களூர் ஹாமிடம் பழைய ஜப்பான் ரோட்டர் ஒன்றை வாங்கினேன். அபார்ட்மெண்டில் மாடியைத் தொடவே விடமாட்டார்களாம் பாவம். பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதுசு வைத்தோம். மாதப் பென்ஷனில் பாதிக்கு மேல் போனது. கேபிள் எஸ்.பி. ரோட்டில் கிடைத்தது.

இனிமேல் புவியியல் பாடம். ரோட்டர் சுற்றிக்கொண்டே போகாது, 360 டிகிரி முடிந்ததும் ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். இல்லாவிட்டால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். அந்த நிற்கும் இடத்தை எங்கே வைப்பது? பள்ளியில் செய்த மாதிரி உலக உருண்டையை எடுத்து நம் ஊரில் நூலின் ஒரு முனையை வைத்துப் பாருங்கள். சுவர் வரைபடத்தில் அமெரிக்கா மேற்கே இருக்கும். உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்தால் நியூயார்க் வடக்கிலிருந்து 25 டிகிரிதான் மேற்கே தள்ளி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வடக்கிலிருந்து 17 டிகிரி கிழக்கே! லண்டன் வடமேற்கு, டோக்கியோ வடகிழக்கு, சிங்கப்பூர் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே. ரோட்டரின் முட்டுக்கட்டையை வடக்கே வைத்தால் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்ப உலகத்தையே சுற்றி வர வேண்டும், ஒரு நிமிடம் ஆகும். நேர் தெற்கே வைத்தால் தொல்லையில்லை. அந்தப் பக்கம் தமிழ்நாடு முடிந்ததும் ஒன்றிரண்டு சின்னத் தீவு தவிர அன்டார்டிகா வரை கடல்தான். எனவே என் ரோட்டர் தெற்கே நிற்கும். பேத்தி இந்த நூல் வேலையை இப்போது யாரைப் பார்த்தாலும் செய்து காட்டுகிறாள்.

இடி இடித்தால் செட்டிலிருந்து கேபிளையும் ரோட்டர் ஒயரையும் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுகிறேன். கம்பத்துக்குத் தனி எர்த் உண்டு. ஆனால் நேராக விழும் இடியை எந்த எர்த்தும் முழுசாகத் தாங்காது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மிச்சத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படி ஒரு ராத்திரிக்கு இந்தச் சட்டம் உதவாது. பக்கத்து ஊருக்குப் பேச வேறு பட்டை, வேறு ஆன்டெனா வேண்டும். அதற்கு மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒற்றைக் கம்பி ஒன்றும் பழைய பேட்டரி ஒன்றும் தனியாக வைத்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, படத்தில் அது விழவில்லை.

லாரிக்காரா, ஒற்றைக் கம்பி வாங்கிய பிறகு மாடியில் ஏறிவிடாதே. லைன்மேன் தம்பியிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு உன் வீட்டுக்கு வருவான். காபி கொடு, சர்க்கரை வேண்டாமாம்.