பாம்பனில் ஒரு பகல் சாப்பாடு

ராமேஸ்வரம் போய் வந்தவர்கள் கோயில் பிராகாரத்தைப் பற்றி எழுதுவார்கள். 22 தீர்த்தங்களில் நனைந்ததை எழுதுவார்கள். நான் எழுத வந்தது பாம்பனில் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றி. "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் இருக்கிறாள். அவள் நிறைமாதமாக இருந்த சமயத்தில்தான் இங்கே நாத்தனார் காலமானார். பிரசவம் பார்க்க டிக்கெட் வாங்கி வைத்திருந்த அம்மா போய்விட்டாள். பெண்ணுக்கோ கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, கையில் பிள்ளையோடு இப்போதுதான் வர முடிந்தது. "அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் எள்ளும் தண்ணீரும் விடணும் அத்தை" என்றாள். 2025 சித்திரை அமாவாசைக்குக் கிளம்பினோம்.

மதுரையிலிருந்து ரயில். அந்த ஏப்ரல் 6-ம் தேதிதான் புதிய பாம்பன் பாலம் திறந்திருந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புமாம். பக்கத்திலேயே 1914-ல் கட்டிய பழைய பாலம் ஓய்வெடுத்துக்கொண்டு நின்றது. குழந்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆனால் சாப்பிடத்தான் மாட்டேன் என்றான். இட்லி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், பால் வேண்டாம். ஊர் மாறினால் பிள்ளைகள் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததா?

அமாவாசையன்று அக்னி தீர்த்தத்தில் காரியம் முடிந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மறுநாள் காலை தனுஷ்கோடி பார்த்தோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்களைப் பார்த்தபோதும் பேசாமலே நின்றாள்.

திரும்பும்போது பாம்பனில் மணி ஒன்று. வேன்காரத் தம்பி ஒரு சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். கீற்றுக் கொட்டகை, நான்கு பெஞ்சு, போர்டு கூடக் கிடையாது. உள்ளே கைலி கட்டிய ஆம்பிளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. அவளோ விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்க அத்தை. எங்க ஊர்ல நான் சாப்பிடப் போற மெக்சிகோ கடையில வாசல்லயே 'பார்'னு சிவப்பு விளக்கு எரியும். முதல் தடவை நானும் இப்படித்தான் நின்னேன்" என்றாள்.

கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயசிருக்கும். இலை போட்டுக்கொண்டே சொன்னார்: "விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கு தாயி. நாட்டுப்படகு மீன்தான் வந்திருக்கு. நெத்திலி, விளமீன், கொஞ்சம் கணவாய்." வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன்.

குழம்பு ஊற்றியதும் நிறத்தைப் பார்த்தே எனக்கு வேர்த்தது. "என்ன மிளகாய் அக்கா?" என்று கேட்டேன். "நம்ம குண்டு மிளகாதான்!" என்றார் பெருமையாக. பெருமைப்பட வேண்டியதுதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைவது. தடித்த தோல், நிறமும் மணமும் அதிகம். மல்லி, சீரகம், மிளகோடு இந்த மிளகாயை வறுத்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்து அம்மியில் அரைப்பாராம். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, புளி கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போன பிறகுதான் மீனைப் போட வேண்டும். அப்புறம் கரண்டி போடக் கூடாது. சட்டியைப் பிடித்து ஆட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீன் உடைந்துவிடும்.

"இந்த மிளகாயோட பூர்வீகம் எங்க கடைக்காரங்க நாடுதான் அத்தை" என்றாள் அவள். உண்மைதான். மிளகாய்ச் செடி மெக்சிகோ பக்கத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்கே. பதிலுக்கு, ஸ்பானியர் காலத்தில் புளி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு, நம் பானகம் மாதிரி குடிக்கிறார்களாம்.

அப்புறம்தான் அந்தக் கடையின் கதையைச் சொன்னாள். பிரசவமாகி இரண்டு வாரத்தில் புருஷன் வேலைக்குப் போய்விட்டான். பத்தியச் சாப்பாடு போட ஆளில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு நாள் முழுக்க அழுதிருக்கிறாள். ஒரு மத்தியானம் பசி தாங்காமல், ஒரு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனாள். ஒரு பக்கம் பார், டி.வி.யில் பந்தாட்டம். இன்னொரு பக்கம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பாட்டி மக்காச்சோள மாவை உருட்டித் தட்டி, தோசைக்கல் மாதிரி ஒரு கல்லில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு டார்ட்டியா என்று பெயர்.

பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. இவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. பிள்ளையைப் பார்த்த பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சோறு போட்ட கோழி சூப்பில் கொத்தமல்லி தூவி, எலுமிச்சை பிழிந்து வைத்து, 'சாப்பிடு' என்று ஜாடை காட்டினாள். "அன்னைக்குத்தான் அத்தை, பிள்ளை பெத்ததுக்கப்புறம் ரெண்டு கையாலயும் சூடா சாப்பிட்டேன்."

அந்த ரொட்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்துத்தான் அரைக்கிறார்கள். அதனால் சுண்ணாம்புச் சத்து கூடுகிறது. சோளத்தில் கட்டுப்பட்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேருகிறது. இந்த முறை தெரியாமல் வெறும் சோளத்தையே தின்ற நாடுகளில் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. கூடவே பீன்ஸ் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் சோற்றோடு பருப்பு சேர்ப்பது போலத்தான். எந்த நாட்டுப் பாட்டியானாலும் பாட்டி வைத்தியம் ஒன்றுதான் போலிருக்கிறது!

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை சிணுங்க ஆரம்பித்தான். அவள் இலையை விட்டு எழுந்தாள். கடைக்கார அக்கா சட்டென்று வந்தார். "பிள்ளையை இங்கிட்டுக் குடு தாயி. நீ சூடா சாப்பிடு" என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார். விளமீனை முள் பார்த்து உதிர்த்து, குழம்பு படாமல் ரசஞ்சோற்றில் பிசைந்து, காக்காய் காட்டி ஊட்டினார். இரண்டு நாளாக வாய் திறக்காத பயல் ஒரு கிண்ணம் சாப்பிட்டான்!

நான் திரும்பிப் பார்த்தேன். என் நாத்தனார் மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கண்ணீர் இலையில் விழுந்தது. கேட்டதற்கு, "காரம் அத்தை" என்றாள். நானும் காரம் என்றே வைத்துக்கொண்டேன்.

கை கழுவி வந்தவள், "நீங்க சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். "எங்களுக்கு நாலு மணி ஆகும் தாயி. மிஞ்சினா மீனு, இல்லாட்டி குழம்பு" என்று சிரித்தார் அவர். என் நாத்தனாரும் அப்படித்தான். கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டவர். சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இன்னும் அப்படி? ரத்த சோகைக்கு டாக்டரிடம் போகிறோம். அடுப்படியில் நமக்கென்று ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி கீரை முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை. அவள் விடவில்லை. அக்காவை உட்காரவைத்து, இலை போட்டு, தன் கையால் பரிமாறினாள். கைலிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் "நல்லாப் போடு ஆத்தா" என்றார்.

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் அரைக் கிலோ குண்டு மிளகாய் வாங்கினாள். "பாட்டிக்கு" என்றாள்.

போன மாதம் ஹூஸ்டனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். மெக்சிகோவிலும் உருண்டை மிளகாய் ஒன்று உண்டாம். காய்ந்ததைக் குலுக்கினால் விதை கிலுகிலுவென்று சத்தமிடும். அதனால் 'காஸ்கபெல்' என்று பெயர். படத்தில் அந்தப் பாட்டி நம் ராமநாதபுரத்து மிளகாயைக் காதோரம் வைத்துக் குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.