கருங்கச்சை இல்லாத ஊரில்

யாம் ஐந்தாண்டுகள் நீலக்கச்சை கட்டிக்கொண்டு ஆசிரியராய் வீற்றிருந்தோம். பிரேசில் ஜியு-ஜிட்சு என்னும் தரை மல்வித்தையில் நீலம் வெள்ளைக்கு அடுத்த படி; அதற்கு மேல் ஊதா, பழுப்பு, கருப்பு என மூன்று படிகள் உள. இரண்டாம் படியில் நிற்பவன் பிறர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என வினவுவார்க்கு விடை எளிது. யாம் தொழில் நிமித்தம் குடியேறிய அரபு நாட்டுத் துறைமுக ஊரில் எம்மினும் மேற்பட்டார் அன்று எவரும் இலர்.

பண்டகசாலை ஒன்றன் பின்னறை எமது பள்ளி. மாணாக்கர் பதினொருவர்; சமையற்காரரும் பொறியாளரும் ஒரே மெத்தையில் உருண்டனர். இணையத்தில் வரும் அசைபடங்களே பாடநூல். தலைகீழாய்ச் சுழன்று எதிரியின் காலைப் பூட்டும் விநோதங்களெல்லாம் அறிந்திருந்தோம். எம்மை வென்றார் ஒருவரும் இல்லாமையால், சிறிது செருக்கும் இருந்தது.

2017ஆம் ஆண்டு விடுமுறையில் ரியோ நகரம் சென்றோம். இவ்வித்தை அங்கும் ஒரு காலத்துப் புதியதே. ஜப்பானிய ஜூடோ வல்லுநராகிய மிட்சுயோ மயேடா 1914ல் பிரேசில் புகுந்து, பின்னர்ப் பெலேம் நகரில் குடியமர்ந்தார். அவர் வழியில் பயின்ற கார்லோஸ் கிரேசியும் அவர்தம் உடன்பிறந்தாரும் ரியோவில் இதனை வளர்த்தனர். 1951ல் தம்பி ஹேலியோ, ஜப்பானிய வீரர் மசாஹிக்கோ கிமுராவிடம் கைப்பூட்டில் அகப்பட்டுத் தோற்றார். தோற்றவர் வழியினரே அப்பூட்டுக்கு வென்றவர் பெயரையிட்டு இன்றும் 'கிமுரா' என வழங்குகின்றனர். இச்செய்தியை முன்னரே படித்திருந்தோம். அதன் பொருள் எமக்கு அப்பொழுது விளங்கவில்லை.

புறநகர்ப் பள்ளியொன்றில் மெத்தை மீது ஏழு கருங்கச்சைகளை எண்ணினோம். எம்மோடு பொர விட்டதோ பதினேழு வயது மதிக்கத்தக்க மெலிந்த சிறுவனை; அவன் கச்சையும் நீலமே. ஆறு நிமிடங்களில் நான்கு முறை மெத்தையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டோம். அவன் செய்தவை யாவும் யாம் அறிந்தவையே. எம்மைக் கீழே கிடத்தி மேலே அமர்ந்தான். எழும் வகை எமக்குத் தெரியவில்லை. எங்ஙனம் தெரியும்? எம் ஊரில் எப்பொழுதும் மேலே இருந்தவர் யாமே. அவனோ ஏழு கருங்கச்சைகளின் கீழ் நாள்தோறும் நசுங்கி வளர்ந்தவன்.

முதிய ஆசிரியர் எம் கையைச் சுட்டி, "அழுந்தும்போது கையை நீட்டித் தள்ளுகின்றீர், நீட்டிய கை எதிரிக்குக் கொடுத்த கை. உம் மாணாக்கரும் இவ்வாறே செய்வரோ?" என்றார்.

அன்றிரவு உறக்கம் இல்லை. பதினொருவரும் அவ்வாறே செய்வர். முந்திய ஆண்டு அபுதாபிப் போட்டியில் எம் மாணாக்கர் ஒருவர்க்கு நீட்டிய கையின் முழங்கை பெயர்ந்தது. அவருடைய அவசரமே காரணம் என்று பலர் முன்னிலையில் கூறியிருந்தோம். பழைய ஊரில் ஓர் ஆசிரியர் பிழையை மற்றோர் ஆசிரியரின் மாணாக்கன் காட்டிக்கொடுப்பான். புதிய ஊரில் ஒருவன் பிழையே ஊரின் வித்தையாகிவிடும். அபுதாபி அரசினர் பிரேசிலிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து, 2008 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்பித்து இக்குறையைத் தாண்டினர். பொருள் ஆண்டுகளைச் சுருக்கும்போலும். பண்டகசாலைப் பின்னறைக்கு அவ்வழி ஏது?

எனினும் ஒன்று கூறவேண்டும். ரியோவில் இருந்த நான்கு வாரங்களில் 'ஏன் இப்படி?' என்று ஆசிரியரைக் கேட்ட மாணாக்கரை யாம் காணவில்லை. எம் பதினொருவரோ ஓயாது கேட்பர். யாம் தாம் விடையை ஊகித்துக் கூறிவந்தோம்.

ஊர் திரும்பிய மாலையே முழங்கை பெயர்ந்தவரை அழைத்து, அனைவரும் கேட்க, பிழை எம்முடையது என்றோம். அவர் சற்று நேரம் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பின்பு, "அப்படியானால் இன்று நீங்கள் கீழே படுங்கள், ஐயா" என்றார்.

படுத்தோம்.