எழுதும் கை சொன்ன பாடம்

சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. எழுதும் கையே அதற்குக் காரணம்.

நெஞ்சுவலியின் பொருட்டு எனக்கு இதய இரத்தக்குழாய்ச் சோதனை செய்யப்பட்டது. தெலுக் இந்தானிலிருந்து புறப்படும்போது, தொடை வழியாகத்தான் குழாய் செலுத்துவார்கள் என்று எண்ணியிருந்தேன். மருத்துவரோ வலது மணிக்கட்டைத் தேர்ந்தெடுத்தார். இவ்வழியில் செய்த சோதனைகளைப் பற்றிக் கனடா மருத்துவர் லூசியன் கம்போ 1989-இல் எழுதினார். தொடை வழியைவிட இதில் இரத்தக்கசிவு குறைவு. விரைவில் எழுந்து நடக்கவும் இயலும்.

ஆயினும் சிக்கலே இல்லை என்று கூற முடியாது. அன்றிரவு என் முன்னங்கை வீங்கி இறுகியது. தாதியருக்கு ஏன் தொல்லை, விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மருந்து கொடுக்க வந்த தாதி கையைக் கண்டு திடுக்கிட்டார்.

"ஏன் சார் முன்னமே சொல்லல?"

உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. உடனே அழுத்திக் கட்டினார்கள், வீக்கம் வடிந்தது. கசிவு முற்றினால் தசைகளுக்குள் அழுத்தம் மிகுந்து விரல்களுக்குச் செல்லும் இரத்தமே தடைபடலாம். அரிதாக, உடனடி அறுவை சிகிச்சையின்றிக் கை செயலிழக்கவும் கூடும் என்று மருத்துவர் விளக்கினார்.

மற்றொரு சிக்கல் பெரும்பாலும் வலியின்றி வரும். குழாய் நுழைந்த தமனி பின்னர் அடைபட்டுவிடலாம். சுண்டுவிரல் பக்கத்துத் தமனியும் உள்ளங்கைக்கு இரத்தம் தருவதால், பலர் இதனை உணர்வதே இல்லை. ஆனால் மீண்டும் குழாய் செலுத்தவோ பைபாஸ் அறுவைக்கோ அத்தமனி தேவைப்படலாம். ஆகவே மறுபரிசோதனையில் அதனைப் பார்க்குமாறு கேளுங்கள். நாடி துடித்தாலும் அடைப்பு இருக்கக்கூடும்; ஒலியலைச் சோதனையே தெளிவாகக் காட்டும். சிறுநீரக நோயாளிகள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பின்னாளில் இரத்தச் சுத்திகரிப்புக்கு அவர்களுக்குக் கை நாளங்கள் தேவைப்படலாம்.

"வயிறு வலிக்கிறது சார்" என்று கையுயர்த்திய மாணவர்களை, "பாடம் முடியட்டும்" என்று எத்தனையோ முறை அமர்த்தியிருக்கிறேன். பொறுத்துக்கொள்வதே நல்லொழுக்கம் என்று அவர்களுக்குக் கற்பித்த நானே அன்றிரவு வாய்மூடிக் கிடந்தேன். பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, வலிக்கிறது என்று சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். மருத்துவமனையில் நாமும் சொல்வோம்.