ஓடுபாதை இருந்த இடத்தில்

டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில், நகர மையத்திலிருந்து மூன்று மைல் வடகிழக்கே ஒரு நீலநிறக் கட்டுப்பாட்டுக் கோபுரம் நிற்கிறது. கண்ணுக்கு எட்டியவரை விமானம் கிடையாது. முன்தாழ்வாரம் வைத்த வீடுகள், ஏரிக்கரைப் பூங்கா, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். விமான நிலையம் ஒன்று இருந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது அந்தக் கோபுரம்.

1930-இல் திறந்த ராபர்ட் மியூலர் நகராட்சி விமான நிலையம் இது. 1961-இல் புது முனையமும் கோபுரமும் வந்தன. பிறகு ஜெட் விமானங்கள் பெருகின. வீடுகளும் வேலியோரம் வரை நெருங்கிவிட்டன. பக்கத்துப் பேட்டையில் வளர்ந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சு அப்படியே நின்றுவிடுமாம். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவார்களாம். அந்தப் பேட்டைவாசிகள்தான் நிலையத்தை இடம் மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். காலியாகும் நிலத்தில் என்ன வரவேண்டும் என்றும் 1980களிலேயே யோசனை சொன்னார்கள். 1993-இல் பெர்க்ஸ்ட்ராம் விமானப்படைத் தளம் மூடப்பட்டதும் நகரத்துக்கு மாற்று இடம் கிடைத்தது. 1999 மே மாதம் பயணிகள் விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன.

மிஞ்சியது சுமார் 700 ஏக்கர், அதுவும் நகரத்துக்குச் சொந்தமானது. கூடுதல் விலை கொடுப்பவருக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இரைச்சலைத் தாங்கியவர்களையும் உட்கார வைத்துத் திட்டம் போட்டார்கள். இந்த ஊரில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். ஓடுபாதையின் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கிப் புதுக் கட்டுமானத்துக்கே பயன்படுத்தினார்கள். 2007-இல் குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. அதே ஆண்டு முதல் குடும்பங்களும் குடிவந்தன.

பழைய பிரௌனிங் விமானக் கொட்டகையையும் இடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கட்டடம். சுவர்களை எடுத்துவிட்டுக் கூரையையும் அதைத் தாங்கும் மர வளைவுகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். சிறு சிறு பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்து, வில்லாக வளைத்த உத்தரங்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். தச்சர்களின் கைவேலை அவ்வளவு அழகு.

கட்டும் வீடுகளில் கால்பங்கு குறைந்த வருமானக்காரர்களுக்கு என்பது இங்கே விதி. அப்படி வாங்கியவர் பின்னாளில் விற்க நினைத்தால் சந்தை விலைக்கு விற்க முடியாது. அடுத்து வருகிறவருக்கும் கட்டுப்படியாக வேண்டுமே. வேலிக்கு வெளியே கிழக்கு ஆஸ்டினில் இருந்த பழைய தெருக்களுக்கு இந்தக் காப்பு இல்லை. 1928-இல் நகரம் போட்ட திட்டமே கறுப்பின மக்களைக் கிழக்கு ஆஸ்டினுக்குத் தள்ளியது. இன்று அதே கிழக்கில் நிலவிலையும் சொத்துவரியும் ஏற, பல குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போகின்றன. இரைச்சலோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த அமைதியில் குடியிருக்க வழியில்லை என்பது அங்கே நடந்த நேரமெல்லாம் என் மனத்தை உறுத்தியது. அந்தக் கால்பங்கு விதியை நிலையத்தின் எல்லையோடு நிறுத்தியிருக்கக் கூடாது.