இனிப்பும் தாகமும் இஸ்தான்பூலும்

ஐம்பதை நெருங்கியும் எனக்கு இனிப்பு ஆசை விட்டபாடில்லை. கைப்பைக்குள் இரண்டு தேங்காய் டொபியாவது இல்லாமல் வாசற்படி இறங்க மாட்டேன். "பிள்ளைகளுக்கு வாங்கினது" என்று சமாளித்த காலமும் போய்விட்டது. பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஆனால் பஸ் பயணத்தில் மட்டும் வாயில் போட மாட்டேன். இனிப்புத் தின்றால் தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். காத்தான்குடியிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் சகோதரிகளுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

உம்ராவுக்குப் போன எங்கள் குழு, ஊர் திரும்பு முன் இரண்டு நாள் இஸ்தான்பூலிலும் தங்கியது. அல்ஹம்துலில்லாஹ், கண்ணுக்கு நிறைந்த ஊர். ஆனால் என் மனம் நின்றது எமினொனு என்ற கடற்கரைப் பகுதியில்தான். அங்கேதான் ஹாஜி பெகிர் என்பவர் 1777ஆம் ஆண்டு தொடங்கிய மிட்டாய்க் கடை இன்றும் இருக்கிறது. 'லொகும்' என்ற இனிப்புக்குப் பேர் போன கடை. சீனிப்பாகில் சோளமாவைக் கரைத்து, அடிப்பிடிக்காமல் நெடுநேரம் கிண்டிக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிறார்கள். பன்னீர் போட்டது, எலுமிச்சை போட்டது, பிஸ்தா வைத்தது என்று பல வகை. நமது மஸ்கட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். நெய் மட்டும் இல்லை. மேலே தூவிய சீனித்தூள் என் கறுப்பு அபாயாவெல்லாம் கொட்டியதுதான் மிச்சம்!

அங்கே பெரியவர்கள் இனிப்புத் தின்ன வெட்கப்படுவதில்லை. கோப்பி கேட்டால் பக்கத்தில் ஒரு துண்டு லொகும் வருகிறது. நோன்புப் பெருநாளையே 'சீனிப் பெருநாள்' என்றும் அழைக்கிறார்கள். நரைத்த தாடி மனிதர் ஒருவர் கடை வாசலில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தார். எனக்குத் தைரியம் வந்தது. நாலு துண்டு தின்றேன். தாகம் வந்தது. இவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பழக்கதோஷத்தில் தொண்டையை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"வடிவாகக் குடியுங்கள் ராத்தா, அதோ இருக்கிறது" என்றாள் கூட வந்த தங்கை. புதிய பள்ளிவாசலின் அருகே பெண்களுக்கென்று தனி மலசலகூடம். சிறு கட்டணம். வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய், கைப்பை மாட்டக் கொக்கி, தாழ்ப்பாள் விழும் கதவு! போய் வந்து முழுப் போத்தலையும் குடித்தேன்.

பெயர்தான் புதிய பள்ளிவாசல். அடித்தளம் போட்டது 1597இல். சுல்தானின் தாயார் சஃபியே தொடங்கி நின்றுபோன வேலையை, பின்னொரு சுல்தானின் தாயாரான ஹதீஜா துர்ஹான் 1660களில் முடித்து வைத்தார். தொழும் இடத்தோடு அந்தப் பெண் நிறுத்தவில்லை. பாடசாலை கட்டினார், வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுக்க 'ஸபீல்' கட்டினார், பக்கத்தில் சந்தையும் கட்டினார். சந்தைக் கடைகளின் வாடகையை இவற்றின் பராமரிப்புக்கு வக்பு செய்தார். தொப்காப்பி அரண்மனை வாசலிலும் 1728இல் கட்டிய அழகான நீர்மண்டபம் இருக்கிறது. அதன் மூலைக் கம்பிச் சாளரங்கள் வழியாக அந்நாளில் தண்ணீரும் சர்பத்தும் கொடுப்பார்களாம்.

அதைப் பார்த்து நின்றபோது மர்ஹூமா உம்மாவின் நினைவு வந்தது. மாதம் ஒருமுறை கொழும்புக்குக் கிளினிக் போவார். சுபஹுக்குப் பின் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்க மாட்டார். சிறுநீரில் கிருமி திரும்பத் திரும்ப வந்தது. "ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?" என்று டொக்டர் கேட்டார். உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் டொக்டரிடம் எதைச் சொல்வது?

நமது நெடுஞ்சாலைப் பள்ளிகள் சிலவற்றில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். பலவற்றிலோ வாகனத்தை விட்டு இறங்கும் ஆண்கள் வுளூ செய்து தொழுதுவிட்டு வரும்வரை, நாங்கள் வாகனத்துக்குள்ளேயே இருக்கிறோம். மினாராவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கு போதாதா இதற்கு?

கட்டுநாயக்கவில் இறங்கி வான் பிடித்து ஊருக்கு வந்தோம். பொலன்னறுவை தாண்டியதும் லொகும் பெட்டியைத் திறந்தேன். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மஸ்கட்டா, இதுவா நல்லது என்று வாதம்கூட நடந்தது. தண்ணீர்ப் போத்தலை மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை.